போர் விதிக்கு உரை காண்பது யார்?

விளையாட்டிலே எழும் வழக்கை நம்மிற் பெரியோர் பலர் வழக்கென்று மதிப்பதில்லை. கிளித்தட்டில் மறித்தவனுடைய கை பட்டதா, படவில்லையா என்று பிள்ளைகள் வாதிடும்போது, அதனைப் பொழுதுபோகாத பேச்சென்று ஒதுக்கிவிடுவர். ஆயின் அவ்வாதத்தை உற்றுக் கேட்போர் அங்கே மூன்று கூறுகளைக் காண்பர். நடந்தது ஒன்று, விதி சொல்வது ஒன்று, நடந்ததையும் விதியையும் பொருத்திப் பார்த்து முடிபு கூறுவது மற்றொன்று. நீதிமன்றத்தில் நிகழ்வதும் இதுவே. ஏட்டின் முன் அமர்ந்த உரையாசிரியர்கள் செய்ததும் இதுவே. ஆகவே, ஆட்ட விதிக்குப் பொருள் காணும் முயற்சி இலக்கிய மாணாக்கருக்கும் ஆசிரியருக்கும் புறம்பானதன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இதனைத் தெளிவாகக் காட்டும் ஆட்டம் ஒன்று மேனாட்டில் தோன்றி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்பதே அது. முதலில் அச்சானவை ஆயிரம் பிரதிகளே. மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். ஒருவர் வாள் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்வர் என ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். ஒருவர் மட்டும் அவ்வாறு பாத்திரம் ஏலாது, அவர்கள் உலவும் உலகத்தையும் எதிர்ப்படும் பகைவரையும் தம்வசம் வைத்துக் கதையை நடத்துவார். அவரை நடுவர் என்போம். நம் கூத்திலே உடுப்பும் களரியும் உண்டு. இங்கே சொல்லே உடுப்பு, மேசையே களரி. கூத்தின் முடிவு அண்ணாவியாரின் ஏட்டில் இருக்கிறது; இதன் முடிவோ ஆடுவோர் எவருக்கும் தெரியாது. சண்டை நேர்ந்தால் இருபது முகமுடைய கவறு உருளும். அவ்வெண்ணை விதி நூலோடு ஒப்பிட்டு, வாள் பட்டதா, தவறியதா என நடுவர் கூறுவார்.

கவறு எண்ணைத் தரும், பொருளைத் தராது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இவ்வாட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிர்ப்புள்ளிகள் என்றொரு கணக்கு உண்டு. அடிபடுந்தோறும் அது குறையும். முற்றும் குறைந்தால் வீரன் வீழ்வான். அப்படியாயின் எட்டு முறை வாளால் வெட்டுண்டவன் ஒன்பதாம் வெட்டுவரை எவ்வாறு நிமிர்ந்து நின்றான் என்று ஆடுவோர் கேட்டனர். 1979இல் வெளிவந்த நடுவர் கையேட்டில் கைகாக்ஸ் இதற்கு விடை எழுதினார். உயிர்ப்புள்ளி என்பது உடலின் தசையை மட்டும் குறிப்பதன்று. வீரனுடைய பயிற்சியும், நல்லூழும், தெய்வத் துணையும் அதனுள் அடங்கும். அப்பதிப்பின்படி சண்டையின் ஒரு சுற்று ஒரு நிமிடம். அந்நிமிடத்தில் இருவரும் பலமுறை வீசுவர், தடுப்பர், விலகுவர். கவறு காட்டுவது அவற்றின் மொத்தப் பயனையே. பின்னர் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரு சுற்றை ஆறு விநாடியாகக் குறுக்கியது. ‘அடி’ என்ற அதே சொல் நூலில் நின்றது. அதன் பொருளோ மாறிவிட்டது. பழந்தமிழ்ச் சொல்லுக்கு இக்காலப் பொருளை ஏற்றி மயங்கும் மாணாக்கனைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு இந்நிலை புதிதன்று.

இதனினும் நுட்பமான வழக்கு ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலே, கண்ணுக்குப் புலனாகாதவாறு மறைந்த பாத்திரத்துக்கு இரண்டு பயன்கள் தனித்தனியே கூறப்பட்டன. அவனைப் பிறர் காண இயலாது என்பது ஒன்று. அவன் தாக்கும்போது அவனுக்கு மேலுரிமையும், அவனைத் தாக்குவோர்க்குக் குறையும் உண்டு என்பது மற்றொன்று. மேலுரிமை பெற்றவன் கவற்றை இருமுறை உருட்டி, உயர்ந்த எண்ணைக் கொள்வான். இனி, மறைந்தவனையும் காணவல்ல மந்திரக் கண் பெற்ற பகைவன் எதிரே நின்றால் என் செய்வது? காணப்பட்ட பின் மறைவினால் வரும் பயன் ஏது என்பது ஒரு சாரார் வாதம். இரண்டாம் பயன் முதற் பயனைச் சார்ந்தது என்று நூலில் யாண்டும் எழுதப்படவில்லையே என்பது மறுசாரார் வாதம். விதி வகுத்தோருள் தலைமை பெற்றிருந்த ஜெரமி குரோஃபர்ட் எழுத்தின் பக்கமே நின்று தீர்ப்புச் சொன்னார். ஆடுவோர் பலருக்கு அது அறிவுக்கு ஒவ்வாததாய்த் தோன்றிற்று. 2024ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலே, காணவல்லவனுக்கு எதிரில் அந்த மேலுரிமை செல்லாது என்று விதியே மாற்றி எழுதப்பட்டது.

இவ்வழக்கை நாம் எள்ளி நகையாடலாகாது. எழுத்து ஒன்று சொல்ல, அறிவு வேறொன்று சொல்லுமிடத்தில் இரண்டு வழிகளே உள்ளன. உரையினால் எழுத்தை வளைப்பது ஒன்று. எழுத்தை மதித்து, அதன் குறையை ஒப்புக்கொண்டு, நூலைத் திருத்துவது மற்றொன்று. முதல் வழி விரைவானது, இரண்டாவது நேர்மையானது. முதல் வழியில் உரைகாரருடைய விருப்பம் விதியின் பெயரால் ஆட்சி செய்யும். இரண்டாம் வழியில் மாற்றம் எல்லோர் கண்முன்னும் நிகழும்.

இவ்விரு நெறிகளின் போராட்டம் அமெரிக்க ஆட்டத்துக்கும் முந்தியது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரசியப் படையதிகாரி, அதிகாரிகளின் பயிற்சிக்கென ‘கிறீக்ஸ்பீல்’ என்ற போர் ஆட்டத்தை வெளியிட்டார். நிலப்படமும், படைகளைக் குறிக்கும் சிறு கட்டைகளும், கவறும், சேதத்தைக் கணிக்கும் அட்டவணைகளும் அதில் இருந்தன. இரு பக்கத்தாரும் எழுத்தில் கட்டளை தர, நடுவர் அவற்றைப் படத்தில் நிகழ்த்திக் காட்டுவார். அட்டவணைகள் பெருகப் பெருக ஆட்டம் நத்தைபோல் ஊர்ந்தது. 1876இல் வெர்டி து வெர்னுவா என்னும் படைத்துறை அறிஞர், அட்டவணையும் கவறும் வேண்டா. போர் கண்ட நடுவரின் மதிப்பீடே போதும் என்று எழுதினார். முன்னதைக் கட்டுண்ட ஆட்டம் என்றும், பின்னதைக் கட்டற்ற ஆட்டம் என்றும் வரலாற்றாசிரியர் வழங்குவர். இன்று மேசைகளிலே நடக்கும் வாதம் அனைத்தும் இந்த இரண்டு பெயர்களுள் அடங்கிவிடும்.

கற்பனைப் போருக்கு விதி எழுதுவதும், அவ்விதிக்கு உரை காண்பதும் தமிழர்க்குப் புதியனவா? அல்ல. தொல்காப்பியப் புறத்திணையியல் அத்தகைய நூற்பகுதியே. ஆநிரை கவர்தல் வெட்சி, பகைவர் நாட்டின்மேற் செல்லுதல் வஞ்சி, அரணை முற்றுதலும் காத்தலும் உழிஞை, வலிமையே பொருளாகப் பொருதல் தும்பை, வெற்றி வாகை. இது படைத்தலைவனுக்கு இட்ட சட்டமன்று. போரைச் சொல்லால் நிகழ்த்தும் புலவனுக்கு வகுத்த இலக்கணம். அவ்வளவில் மேசையாட்டத்தின் விதி நூலுக்கு இது நெருங்கிய உறவே.

அங்கும் வழக்கு எழுந்தது. ஆநிரை கவர்வதற்கு வேந்தனுடைய ஏவல் வேண்டுமா, வீரர் தாமே எழுந்து செல்லலாமா? தொல்காப்பியம் வேந்தனால் விடுக்கப்பட்டோரையே கூறுகிறது. பன்னிரு படலமும் புறப்பொருள் வெண்பாமாலையும் வேந்தன் ஏவாது தாமே செல்லுதலையும் வெட்சியில் அடக்கின. முரணைக் கண்ட இளம்பூரணர் அதனை மழுப்பவில்லை. பன்னிரு படலத்து வெட்சிப் படலத்தைத் தொல்காப்பியர் செய்தார் என்றல் பொருந்தாது என்றே முடிபு கூறினார். இரண்டு எழுத்துகளையும் முழுதும் வாசித்து, ஒன்றினால் மற்றொன்றை அளந்து, இணங்காதபோது இணங்காது என்று துணிந்து சொல்வதே உரையறம்.

எழுத்துக்கும் கருத்துக்கும் இடையே ஓர் உயிர் தொங்கிய கதையும் நம்மிடம் உண்டு. வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதனுடைய மார்பிற் பாய்ந்து முதுகிலும் புண் செய்தது என்பர். முதுகிற் புண்பட்டவன் புறங்காட்டி ஓடியவன் என்பது அக்கால வீரரின் விதி. அவ்விதியின் நோக்கம் கோழையை இழித்துரைப்பது. சேரனோ ஓடியவன் அல்லன். வேல் முன்னிருந்தே வந்தது. கருத்தின்படி அவன் குற்றமற்றவன். ஆயினும் முதுகிலே புண் என்ற எழுத்து அவனைச் சுட்டது. அவன் நாணி வடக்கிருந்தான். வெண்ணிக்குயத்தியார், வென்ற கரிகாலனைப் பாடிய பாட்டிலேயே தோற்றவனுடைய பெருமையை உயர்த்தி உரைத்தார். இங்கே கருதத்தக்கது ஒன்று. தனக்கு எதிரான கடுமையான பொருளைச் சேரன் தானே எடுத்துக்கொண்டான். விதியின் ஐயத்தைத் தன் பயனுக்கு வளைக்காதவன் தோற்றும் பெருமை பெறுகிறான்.

இதற்கு மறுதலையைப் பாரதத்திற் காணலாம். குருக்ஷேத்திரத்தில் போர் தொடங்குமுன் இரு பக்கத்தாரும் உடன்படிக்கை செய்தனர். தேரோன் தேரோனோடும், யானையோன் யானையோனோடும் பொரவேண்டும்; படைக்கலம் இழந்தவனையும் புறங்காட்டியவனையும் தாக்கலாகாது. பதினெட்டு நாளில் அவ்வுடன்படிக்கை துண்டு துண்டாய்ச் சிதறியது. தேர்ச் சக்கரம் புதைந்தபோது கர்ணன் விதியைச் சொல்லி நேரம் கேட்கிறான். திரௌபதையை அவையில் இழிவு செய்தபோதும், அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றபோதும் உன் அறம் எங்கே சென்றது என்று கண்ணன் வினவுகிறான். விதியை உடைத்தவன் விதியின் நிழலில் ஒதுங்கலாமா என்பது வலிமையான வினாவே. ஆனால் வினவுபவன் யார்? அருச்சுனனுடைய தேரை ஓட்டுபவன். இறுதியிலே, நாபிக்குக் கீழே அடித்தலாகாது என்ற கதைப் போர் விதியை மீறி வீமன் துரியோதனன் தொடையை முறிக்கிறான். சினந்தெழுந்தவன் பலராமன். அவன் இருவருக்கும் ஆசான். போரிலே எப்பக்கமும் சேராதவன். அவனைச் சமாதானம் செய்ய முயல்பவனோ மீண்டும் கண்ணனே. தெய்வத்தின் திருவுள்ளம் வேறு. அது பக்தர் அறியும் பொருள். ஆட்ட விதியின் அளவில் நின்று நோக்கின், பாரதம் நமக்குக் கற்பிப்பது இது: ஒரு பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு அறிவாளியாயினும், அவன் கூறும் உரையை எதிர்ப்பக்கம் தீர்ப்பென்று ஏற்காது.

இக்கதைகள் எமது கரையோரத்துக்குத் தொலைவானவை அல்ல. நாவிதன்வெளியிலிருந்து கிட்டங்கியைக் கடந்து கல்முனைக்குச் சென்றால், பக்கத்தே பாண்டிருப்பு. அங்குள்ள திரௌபதை அம்மன் கோயிற் சடங்கிலே அடியார்கள் பாண்டவராகக் கோலங்கொண்டு வனவாசம் சென்று, தீப்பள்ளயத்தில் இறங்குவர். மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றியபோது, 1962இல் ஆடப்பட்டது ‘கர்ணன் போர்’. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறியிலே ஊர் இரு சேரியாகப் பிரிந்து, கொளுவிய கொம்புகளைக் கயிறு கட்டி இழுக்கும். முறிந்த கொம்பு பொய் சொல்லாது. அங்கே உரைகாரருக்கு வேலை குறைவு. முஸ்லிம் ஊர்களின் சிலம்படியிலோ கம்பு உடலைத் தொட்டதா என்பதற்கு நடுவரின் கண் வேண்டும். கட்டுண்ட ஆட்டமும் கட்டற்ற ஆட்டமும் பிரசியாவில் மட்டுமா இருந்தன?

போருக்கும் வரம்பு உண்டு என்னும் எண்ணமும் இங்குள்ள இரு மரபுக்கும் பொது. போர் தொடங்குமுன் ஆவும், அந்தணரும், பெண்டிரும், பிணியுடையோரும், பிள்ளைப்பேறு இல்லாதோரும் அரண் சேருமாறு அறிவிக்கும் அறநெறியை நெட்டிமையார் புறநானூற்றிற் பாடினார். முதற் கலீபா அபூபக்கர் (றழி) அவர்கள் சிரியாவுக்குச் சென்ற படைக்கு, பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிமரங்களை வெட்டலாகாது என்று கட்டளையிட்டார்கள். இரண்டையும் ஒரே வகுப்பறையில் அருகருகே வைத்துப் படிக்கக்கூடிய மண் இது.

இனி, ஆட்ட விதிக்கு உரை காண்போர் கொள்ளவேண்டிய நெறிகள் யாவை? முதலாவது, எழுத்தை முழுதும் வாசித்தல். தமக்கு உதவும் ஒரு வரியைப் பிய்த்தெடுத்துக் காட்டுவது வாசிப்பன்று. முன்னும் பின்னும் உள்ளவற்றோடு கூட்டிப் பொருள் கொள்ளவேண்டும். இரண்டாவது, எழுத்து இருபொருள்படுமிடத்து விதியின் நோக்கத்தை வினவுதல். எழுத்து ஒரே பொருளைத் தெளிவாகத் தருமாயின், அது நமக்கு உவப்பாயினும் கசப்பாயினும் அன்றைய ஆட்டம் அதன்படியே நடக்கவேண்டும். மூன்றாவது, தீர்ப்பைக் கவறு உருளுமுன் கூறுதல். விழுந்த எண்ணைப் பார்த்தபின் எழுதப்படும் விதி விதியன்று. அது பரிசு அல்லது தண்டனை. நான்காவது, இன்று வீரனுக்குக் கூறிய பொருளையே நாளை அவன் பகைவனுக்கும் கூறுதல்.

நான்காம் நெறியே மிகக் கடினமானது. இந்த ஆட்டத்தின் நடுவர் பலராமனைப்போல் புறத்தே நிற்பவர் அல்லர். பகைவரை ஆட்டுபவரும் அவரே. வழக்காளியும் நீதிபதியும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே கட்டற்ற ஆட்டத்தை விரும்புவோர் சொல்வதுபோல், நடுவரின் நல்லறிவே போதும் என்று நாம் விட்டுவிட இயலாது. நல்லறிவு உடையோரும் தம் பக்கம் தோற்கும்போது விதியைப் புதுக்கண் கொண்டு பார்க்கத் தொடங்குவர். எழுதப்பட்ட விதி எளியோனுக்குக் காவல். கூச்சமுள்ள பிள்ளை ஒன்று, உரத்த குரலுடைய தோழனுக்கு முன்னே, ஐயா, இந்தப் பக்கத்தில் இவ்வாறல்லவா எழுதியிருக்கிறது என்று சொல்ல அதுவே இடந்தருகிறது. விதி வாய் திறக்காத இடத்தில் மட்டுமே நடுவரின் மதிப்பீடு ஆளவேண்டும் என்பது எம் கருத்து.

இவ்வாறு வாதிட்டால் கதை கெடும், கற்பனை கருகும் என்று தடை கூறுவார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. வேதாளம் வாய் திறந்து நிற்க, ஆடுவோர் அரைமணி நேரம் அடிக்குறிப்பை ஆராய்ந்தால் எவருக்குத்தான் அச்சம் எஞ்சும்? அதற்கு மருந்து வாதத்தை ஒழிப்பதன்று. அதற்குரிய காலத்தை வகுப்பதே. ஆட்டத்தினிடையே நடுவர் ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லட்டும். அனைவரும் அதற்கு அடங்கட்டும். ஆட்டம் முடிந்தபின் நூலை விரித்து ஆராயட்டும். தீர்ப்புப் பிழையென்று கண்டால் அடுத்த ஆட்டத்திலிருந்து திருத்திக்கொண்டு, அத்திருத்தத்தை ஓர் ஏட்டில் எழுதி வைக்கட்டும். மேலும், கற்பனைக்கு விதி பகையும் அன்று. யாப்பின் கட்டு வெண்பாவைக் கொன்றதா? காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் சிலப்பதிகார அரங்கேற்றுகாதையின் இலக்கண வரிகளை எண்ணி எண்ணி வாசித்தே, மறைந்துபோன யாழைத் தம் மனத்தில் மீண்டும் நரம்பு கட்டினார். 1947இல் யாழ் நூலாய் வெளிவந்தது அந்த உழைப்பின் பயன்.

இத்துணையும் ஒரு விளையாட்டுக்காகவா என்று கேட்கலாம். நாவிதன்வெளிப் பிரதேசத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அன்னமலை, சொறிக்கல்முனை, சாளம்பைக்கேணி, மத்திய முகாம் என அடுத்தடுத்த ஊர்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வாழ்கின்றனர். வயலுக்கு நீர் பாய்ச்சும் வாய்க்கால் ஒன்று, சந்தை ஒன்று, பேசும் மொழியும் ஒன்று. பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளோ பெரும்பாலும் வேறு வேறு. 1983 முதல் 2009 வரை நீண்ட போரின்போது, வரம்புகள் எவ்வளவு எளிதில் அழியும் என்பதை இக்கரையோரம் தன் உடலிலே கற்றது. தன் பக்கத்தார் செய்தால் தற்காப்பு, எதிர்ப்பக்கத்தார் செய்தால் கொடுமை என்று ஒரே செயலுக்கு இரண்டு உரை எழுதும் பழக்கம் அக்காலத்தில் எல்லோரிடமும் வேரூன்றியது. அப்பழக்கத்தை மேடைப் பேச்சினால் களைய முடியாது. தனக்கு நட்டம் தரும் தீர்ப்பையும் விதிப்படி சரி என்று வாய்விட்டுச் சொல்லும் பயிற்சி, இளமையிலேயே, பலமுறை, சிறு நட்டங்களில் வாய்க்கவேண்டும். மரத்தாற் செய்த வாள்கூட இல்லாத, சொல்லாலான போரிலே அது வாய்க்குமாயின் அதைவிட மலிவான பள்ளிக்கூடம் எது?

ஆசிரியர்க்கும் இலக்கிய வட்டத்தார்க்கும் எம் வேண்டுகோள் இதுவே. இவ்வாட்டத்துக்குத் தமிழில் ஒரு சிறு விதி நூல் எழுதுங்கள். வெட்சி, உழிஞை, தும்பை என்னும் பெயர்கள் புலமையோர் நாவில் மட்டும் உறங்காது, பிள்ளைகள் வாயிலும் ஒலிக்கட்டும். படைப்போர்ப் பாடல்களின் வீரரும், பாரதத்து வீரரும், புறநானூற்று மறவரும் ஒரே மேசையில் அமரட்டும். வாசிகசாலையில் மாதம் ஒரு மாலை, இரு பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் கலந்து ஆடட்டும். நடுவர் இருக்கை ஒருவருக்கே உரியதாகாமல் முறைமாறி வரட்டும். தீர்ப்புக் கூறும் துன்பத்தை ஒவ்வொருவரும் அறியவேண்டும். தீர்ப்பேடு ஒன்றும் அங்கே இருக்கட்டும். ஓராண்டு கழித்து அவ்வேட்டைப் புரட்டுவோர், அதிலே விளையாட்டுப் பிள்ளைகளின் கையெழுத்திலே ஓர் உரை நூல் உருவாகி வருவதைக் காண்பர்.